கதைக்காரருக்குத் தெரிந்த பெயர்

மொச்சைக்கு,

லோயர் கேம்பில் நான் சுகம். கெஸ்ட் ஹவுஸ் சமையல் வேலை பழகிவிட்டது. உங்கள் சுகத்தைக் கேட்க வழியில்லை. வாடகைக்கு ஓட்டிய ஜீப் கவிழ்ந்து நீங்கள் போய் ஏழு மாதம். ஊருக்கு வரும்போது இதை உங்கள் படத்துக்குப் பின்னால் வைப்பேன்.

இங்கே தங்கியிருக்கும் ஒருவர் பெரியாறு அணை கட்டிய காலத்துக் கதை எழுதுகிறார். கல் சுமந்த பெண்கள் சும்மாடு எப்படிக் கட்டுவார்கள், கஞ்சியை எதில் கொண்டுபோவார்கள் என்று என்னிடம் கேட்பார். நேற்று எழுதியதை வாசித்துக் காட்டினார். அதில் கல் சுமக்கிறவள் தன் புருசனை மொச்சை என்று கூப்பிடுகிறாள்.

“இந்தப் பேர உங்களுக்கு யாரு சொன்னாக?” என்றேன்.

“நானா வச்சதும்மா.” என் முகத்தைப் பார்க்கவில்லை.

“போன வருசம் கூடலூர்லருந்து குமுளிக்கு யாரு ஜீப்புல போனீக?”

“ஞாபகமில்ல.”

உங்கள் பெயரை ஊரில் வாய்விட்டுச் சொல்லாதவள் நான். இது கதவைச் சாத்திய பிறகு மட்டும் கூப்பிட்ட பெயர்.

இங்கே குளிர் அதிகம். ஊருக்கு வரும்போது உங்கள் துண்டை எடுத்துக்கொள்கிறேன். உலை கொதிக்கிறது, போகிறேன். அந்தப் பெயரை அவரிடம் பெருமையாகச் சொன்னீர்களா, இல்லை என்னைச் சொல்லிச் சிரித்தீர்களா?