நூல் வால் நிற்கும் மூலை

பாதுவா, 3 மே 2009

அன்புள்ள ஸீனாவுக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நானும் இருக்கிறேன். இடுப்பு மட்டும் இல்லை. நான் பார்த்துக்கொள்ளும் வயசான சின்யோரா அம்மாவைப் பகலில் பத்துத் தடவை தூக்கி உட்கார வைத்தால் யாருக்குத்தான் இடுப்பு மிஞ்சும்? நேற்று, "நீ எப்பம்மா வீட்டுக்குப் போவ?" என்று கேட்டார். "செப்டம்பர்ல" என்றேன். "அப்ப எனக்கு யாரு காபி போடுவா?" என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

ஆமாம், செப்டம்பரில் வருகிறேன். மொத்தமாக. இத்தாலியில் ஒன்பது வருஷம் போதும். அக்டோபரில் கொரினாவின் கல்யாணத்தை முடித்துவிட்டு, என் சமையலறையில் ஒரு மாதம் சும்மா உட்காரப் போகிறேன். உன் அத்தான் கிரிகோரே ரயில்வே ஷெட்டிலிருந்து வந்து சாப்பாடு கேட்டால், "அடுப்புல இருக்கு, போட்டுக்கோ" என்று சொல்லிவிடுவேன். போனில் அவர் "சரி, சரி" என்பதைத் தாண்டிப் பேசுவதில்லை. அதனால் நீயே சொல்லி வை.

நம்மூருக்குப் பொட்டலம் கொண்டுபோகும் கோஸ்த்யாவின் வண்டியில் ஒரு பை கம்பளி நூல் அனுப்பியிருக்கிறேன். என் பெண்ணுக்குக் கல்யாணப் போர்வை. மொத்தம் நாற்பத்தெட்டுச் சதுரம், பாதி எனக்கு, பாதி உனக்கு. மூன்று வரிசை சாதா, நாலாவதில் குமிழ். ஐந்து இழுப்பு இழுத்து, ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்து முடித்தால் ஒரு குமிழ். குமிழ் வரிசை போடும்போது பின்பக்கம் உன்னைப் பார்த்திருக்க வேண்டும். போன தடவை முன்பக்கமாகப் போட்டு, எல்லாக் குமிழும் பின்னால் புடைத்து, அதை மெத்தைக்குப் போட்டோமே, ஞாபகம் இருக்கட்டும். தொடக்கத்து நூல் வாலை வெட்டாதே. தைத்து இணைக்கும்போது வேண்டும்.

உன் அக்கா,
ராயிசா

*

உங்கேனி, 31 மே 2009

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் நூலும் காபிப் பொட்டலமும் வந்து சேர்ந்தன. முதல் எட்டுச் சதுரங்களை இதோ அனுப்பியிருக்கிறேன். கூடவே ஆட்டுப்பால் சீஸ் கொஞ்சம். கோஸ்த்யா வழியில் தின்னாமல் இருந்தால் உனக்குக் கிடைக்கும்.

இங்கே ஒரே மழை. தக்காளி நாற்று பாதி அழுகிவிட்டது. கொரினா கல்யாண உடுப்புக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தாள். இளைத்திருக்கிறாள்.

அக்கா, நீ செப்டம்பரிலேயே வர வேண்டுமா? கல்யாணத்துக்கு வந்துவிட்டு, வசந்தம் வரை அங்கேயே இருந்தால் என்ன? இங்கே குளிரைப் பற்றி உனக்குத் தெரியும். அங்கே வீடு முழுக்கச் சூடாக இருக்கும் என்பாயே. சின்யோராவும் உன்னோடு பழகிவிட்டார். யோசித்துப் பார்.

அன்புடன்,
ஸீனா

*

பாதுவா, 14 ஜூன் 2009

அன்புள்ள ஸீனா,

சீஸ் வந்தது. ஓரத்தில் ஒரு கடி குறைவு.

சதுரங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அவ்வளவு சீரான குமிழ். உன் கையா இது என்று நானே அசந்துவிட்டேன். அப்புறம் மேஜையில் பரப்பினேன். குமிழ் மேலே தெரியும்படி வைத்தால், நாம் பின்னும் சதுரத்தில் நூல் வால் இடது கீழ்மூலையில் நிற்கும். எனக்கு அப்படித்தான், உனக்கும் அப்படித்தான். இந்த எட்டிலும் வால் வலது மூலையில் நிற்கிறது. எட்டிலும். இடது கைக்காரி பின்னியது இது.

நம் வீட்டில் இடது கைக்காரர்கள் கிடையாது. ஆளை வைத்துப் பின்னினாயா? திட்டமாட்டேன், உனக்கு வேலை அதிகம் என்று தெரியும். யாரென்று சொன்னால் அவளுக்கு ஒரு காபிப் பொட்டலம் அனுப்புவேன். என்னிடம் மறைத்தாயே, அதுதான் குத்துகிறது.

இன்னொன்று. நான் வருகிறேன் என்றால் "வா" என்று சொல்ல ஒரு ஆளாவது வேண்டாமா? கிரிகோரே "சரி" என்கிறார். கொரினா "உன் இஷ்டம்மா" என்கிறாள். நீயும் வசந்தம் என்கிறாய். எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது, ஸீனா.

உன் அக்கா,
ராயிசா

*

உங்கேனி, 28 ஜூன் 2009

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நூல் வந்த வாரம் மாடிப்படியில் வழுக்கி விழுந்து என் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அத்தான் பார்க்க வந்தார். "பையக் குடு ஸீனா. லிதியா பின்னித் தருவா. நூல் நூல்தானே, யாருக்குத் தெரியப்போவுது" என்றார். நான் கொடுத்துவிட்டேன்.

லிதியா ரயில்வே கேன்டீனில் வேலை பார்க்கிறவள். இரண்டு வருஷமாக உன் வீட்டில் இருக்கிறாள். உன் அடுப்பில் சமைக்கிறாள். மற்றதை நான் எழுத வேண்டுமா?

சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுப்பேன், தக்காளியைப் பற்றி எழுதி முடிப்பேன். கொரினாவும், "அம்மா அங்க தனியா கெடக்கா சித்தி. தெரிஞ்சா யாரு தாங்கிப் பிடிப்பா?" என்று தடுத்தாள். இப்போது அவளுக்கே வேறு பயம். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க, "வாசல்ல ரொட்டியும் உப்பும் புடிச்சிக்கிட்டு அப்பா பக்கத்துல யாரு நிப்பா?" என்று கேட்கிறாள்.

நீ என் வீட்டுக்கு வா அக்கா. ஜன்னல் ஓரத்துக் கட்டிலை உனக்கு ஒழித்து வைக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

ஸீனா

*

பாதுவா, 12 ஜூலை 2009

ஸீனாவுக்கு,

கை குணமாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த எட்டையும் பிரித்துவிடத்தான் எடுத்தேன். ஒன்றில் நாலு வரிசை பிரித்தேன். பிசிறு இல்லாத வேலை. அதுதான் எரிச்சல். அப்புறம் பிரித்ததை நானே திரும்பப் பின்னி முடித்தேன். உன் பங்கில் பாக்கி பதினாறையும் லிதியாவே பின்னட்டும். கை கொஞ்சம் தளர்வு, ஒரு அளவு சின்ன ஊசி எடுத்துக்கொள்ளச் சொல்.

கொரினாவுக்குப் பதில் சொல்லிவிடு. ரொட்டியும் உப்பும் நான்தான் ஏந்துவேன். பெற்றவள் நான். கிரிகோரே இஸ்திரி போட்ட சட்டையுடன் என் பக்கத்தில் நிற்கட்டும். வாசலைத் தாண்டி எல்லோரும் உள்ளே போகும்வரை நான் அவர் பெண்டாட்டி. லிதியாவை வரவேண்டாம் என்று யாரும் சொல்லக்கூடாது. விருந்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

கல்யாணம் சனிக்கிழமை. ஞாயிறு வண்டியில் இங்கே திரும்பிவிடுவேன். சின்யோராவின் மகனிடம், இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். "நல்லதாப் போச்சு" என்றான். ஒன்பது வருஷத்தில் நான் சொன்னதைக் கேட்டு ஒருவர் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

கட்டிலை ஒழிக்க வேண்டாம். கிரிகோரே செய்ததை அவர் குணம் என்று விட்டுவிடலாம். நீ எனக்கு இரண்டு வருஷம் மழையும் தக்காளியும் எழுதினாய். நான் சின்யோராவைத் தூங்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். இனி எழுதாதே. ஊர்ச் செய்தி ஏதாவது இருந்தால் கொரினா எழுதட்டும்.

ராயிசா