மலைக்குப் போட்டுப்போகும் மூன்று உடுப்பு

என் அன்பு மச்சான் சூசைக்கு,

இது நான் என் கையால் எழுதும் முதல் கடிதம். மன்னாரிலிருந்து எனக்கு வரும் கடிதங்களை நீதானே வாசித்துக் காட்டுவாய். என் மகளுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. நீ கண்ணை மூடிய பிறகு வந்த இரண்டு கடிதங்கள் உறை பிரிக்காமலே கிடந்தன. அந்த ரோசத்தில்தான் இங்கே பலெர்மோவில் கோயில் மண்டபத்து வகுப்பில் போய் இருந்தேன். எழுபத்தொரு வயதில் ‘அ’ எழுதினேன், மச்சான்! இரண்டு கடிதங்களையும் வாசித்துவிட்டேன். இப்போது இத்தாலி எழுத்தும் கூட்டுவேன். இந்தப் பந்தி முடிவதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

நாம் வேலை செய்த வீட்டு முதலாளி சிஞ்ஞோரே திரும்பவும் பன்றி வேட்டைக்குக் கூப்பிடுகிறார். துவக்கு அவருக்கு, நாய்களோடு நடப்பது எனக்கு, முந்தியைப் போலவே. எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஆனால் மகள் ஜெசிந்தா மறித்தாள்.

“நடுங்கி நடுங்கி வந்து ஒரு கிழமை படுத்தது மறந்துபோச்சோ, அப்பா?”

“அது அப்ப. இப்ப எனக்கு விளங்கும்.”

“என்ன விளங்கும்? என்னத்தைப் போட்டுக்கொண்டு போகப்போறியள்? சரியாய் வாங்கிக்கொண்டு வாங்கோ, விடுறன். இல்லையெண்டால் இருந்து டிவி பாருங்கோ.”

அந்த வேட்டை நாள் உனக்கு நினைவிருக்கிறதா? காரை விட்டு இறங்கும்போதே எனக்கு மூன்று பருத்திப் பெனியன், மேலே தடித்த கோட்டு, தலையில் துவாய். உன் மெல்லிய கம்பளி உள்சட்டையைப் பார்த்து, “என்ன மச்சான், ஆட்டுக்குட்டியோ?” என்றேன்.

“சிரி, சிரி. மேலை போய்ப் பாப்பம்” என்றாய்.

ஏறும்போது வேர்த்து ஊற்றியது. மேலே பாறையில் அசையாமல் பன்றிக்குக் காத்திருந்தபோது பெனியன்கள் குடித்த அந்த வேர்வையெல்லாம் ஐஸாகிப் பல்லுக் கிடுகிடுத்தது. நீ பைக்குள் வைத்திருந்த கோட்டை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டு, கம்பளியோடு இருந்தாய். ஒரு சொல் குத்திக்காட்டவில்லை.

நேற்று போர்கோ வெக்கியோ சந்தைக்குப் போனேன். கடைக்காரன் ஒரு தடித்த சட்டையைத் தூக்கிக் காட்டி, இதைவிடச் சூடானது பலெர்மோவிலேயே இல்லை என்று சத்தியம் செய்தான். கண்ணாடியைப் போட்டு, கழுத்துக்குள் தைத்திருந்த சின்னத் துண்டை எழுத்துக்கூட்டினேன். கொ-தோ-னே.

“இது பருத்தி. எனக்குக் கம்பளி வேண்டும்” என்றேன்.

“புரொஃபெஸோரே வந்திருக்கிறார்!” என்று அவன் பக்கத்துக் கடைக்குக் கேட்கக் கத்தினான். பேராசிரியராம்! பகிடிதான். ஆனாலும் ஒரு சாண் உயர்ந்துபோனேன், மச்சான்.

தோலோடு ஒட்ட மெல்லிய கம்பளி. அதன்மேல், வேர்த்தால் ஸிப்பைத் திறந்துவிடக்கூடிய இலேசான மேற்சட்டை. கடைசியாகக் காற்றுப் புகாத கோட்டு. முதலில் காட்டிய கோட்டின் கையைக் காதருகே வைத்துத் தேய்த்தேன். சரசரவென்றது. பன்றி இதைக் கேட்டால் அடுத்த மலைக்குப் போய்விடும். சத்தமில்லாத துணியாகத் தேடி எடுத்தேன்.

கட்டிலில் பரப்பிவைத்தேன். ஜெசிந்தா ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

“கோட்டு ஏன் இவ்வளவு பெரிசு?”

“உள்ளுக்கு மற்ற ரெண்டும் போகவேணுமே, பிள்ளை.”

“எப்ப போடுவியள்?”

“ஏறேக்கை பைக்குள்ளை. மேலை இருக்கேக்கை உடம்பிலை. வெளிக்கிடேக்கை கொஞ்சம் குளிரத்தான் வேணும்.”

“இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?”

“சூசை மாமா. சொல்லேல்லை, செய்து காட்டினவர்.”

அவள் கம்பளிச் சட்டையைத் தடவி, மெல்ல மடித்துவைத்தாள். பிறகு, “ஓம், போங்கோ. இருட்ட முதல் இறங்கிவரவேணும்” என்றாள்.

உனக்கு இதை யார் காட்டித் தந்தார்கள், மச்சான்? நான் ஒருநாளும் கேட்கவில்லையே.

சனிக்கிழமை போகிறேன். பையில் இரண்டு கோட்டு வைத்திருக்கிறேன். ஒன்று எனக்கு. மற்றது உன்னுடையது, அன்று நீ எனக்குப் போர்த்திவிட்டது. நம் பாறையில் என் பக்கத்தில் பருத்திச் சட்டையோடு எவன் நடுங்கினாலும், ஒரு சொல்லும் சொல்லாமல் அதை அவனுக்குப் போர்த்திவிடுவேன்.

உன்னை ஆட்டுக்குட்டி என்று சிரித்த
உன் மச்சான்,
சந்தியோகு