மூன்றாம் படியில் ஏழு கைகள்

மார்ச் 18, செவ்வாய்

கட்டுரையின் முன்னுரையை ஏழாவது முறையாக எழுதினேன். முதல் வரி “கை மனித உடலின் இன்றியமையாத உறுப்பு” என்று இருந்தது. இதைச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டுமா? அழித்துவிட்டேன். இப்போது முதல் வரியே இல்லை.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் மருத்துவமனையில் கையில் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்குப் பன்னிரண்டு வாரம்தான் பயிற்சி. அதற்குப் பிறகு ஃபைலை மூடிவிட வேண்டும். அதற்குமேல் கை தேறாது என்று யாரோ எப்போதோ எழுதி வைத்தார்களாம். தேறும். கைப் பயிற்சி கொடுக்கும் நான் பதினாறு வருடமாகக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் என் கண்ணைச் சாட்சியாக எந்தக் கமிட்டியும் ஏற்காது. அதனால்தான் எங்கள் பிரிவு டாக்டர் தனி அனுமதி வாங்கி, நாற்பத்தெட்டுப் பேரை ஒன்பது மாதம் வரை வரவழைத்தார். பன்னிரண்டாம் வாரத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் எல்லோருடைய பிடிவலுவையும் நான்தான் அளந்தேன். மருத்துவமனைக் கமிட்டி ஜூன் 6 அன்று கூடுகிறது. அதற்குள் ஏதாவது ஓர் ஆய்விதழ் கட்டுரையை ஏற்றிருந்தால் விதியை மாற்றலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இன்று புதிதாக ஒருவர் வந்தார். ஜன்னல் கண்ணாடி வெட்டுபவர். கண்ணாடி நழுவி வலது உள்ளங்கையில் நான்கு விரல்களையும் மடக்கும் தசைநாண்கள் அறுந்திருக்கின்றன. தைத்து இரண்டு வாரம் ஆகிறது. விரல் அசையாமல் பிடிக்கும் ஸ்பிளின்டுக்குள் இருந்த கையை, வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். “பன்னெண்டு வாரத்துல கண்ணாடியத் தூக்கிடுவேனா மேடம்?” என்றார். முயற்சி செய்வோம் என்றேன். அவர் கணக்கு ஜூன் 10 அன்று முடிகிறது.

மார்ச் 23, ஞாயிறு

நாள் முழுக்க மேற்கோள் பட்டியல். ஒரு புள்ளி தவறினாலும் திருப்பி அனுப்புவார்களாம். மகள் வாசிக்க, நான் சரிபார்த்தேன். நாற்பதாவது மேற்கோளில் அவள் கேட்டாள்: “அம்மா, இத யாராவது படிப்பாங்களா?” அடுத்ததை வாசி என்றேன்.

இவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே வம்புக்கு இழுத்தார். “கல்யாணத்துல ஒரே ஒருத்தன் கையப் பிடிச்ச, ஆபீஸ்ல ஆயிரம் பேர் கையப் பிடிச்சாச்சு. என் கையப் பத்தி ஒரு கட்டுரை வருமா?” லிஃப்ட் மெக்கானிக்கின் கையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, கிரீஸைத் தவிர? சொன்னேன். சிரித்துக்கொண்டே அந்தக் கையாலேயே என் கன்னத்தில் தடவிவிட்டுப் போனார். வெங்காய வாடை.

ஏப்ரல் 9, புதன்

அனுப்பிவிட்டேன்! பகல் ஒன்று நாற்பது. அந்த இணையதளம் மூன்று முறை என்னை வெளியே தள்ளியது. நான்காவது முறை வாழ்த்துச் சொன்னது. டாக்டர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஏப்ரல் 10, வியாழன்

திரும்பி வந்துவிட்டது. அட்டவணைகளைத் தனிக் கோப்பாக வைக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

வைத்தாயிற்று. போ மகராசி, இனி திரும்பிப் பார்க்காதே.

மே 22, வியாழன்

கண்ணாடிக்காரருக்கு இன்று முதல் முறையாகப் பிடிவலு பார்த்தேன். டைனமோமீட்டரைக் கையில் கொடுத்து, மெதுவாக அழுத்துங்கள் என்றேன். விரல்கள் பாதிதான் மடங்குகின்றன. கைப்பிடியை எட்டவே இல்லை. முள் அசையாமல் நின்றது. அவர் முள்ளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடிவதில்லை. கைப்பிடியைக் கழற்றி ஒரு படி தள்ளி மாட்டிக் கொடுத்தேன். இப்போது விரல் எட்டியது. நாலு கிலோ.

“நாலா!” என்று வெளியே உட்கார்ந்திருந்த மனைவியிடம் ஓடினார். அந்த அம்மா கதவருகே வந்து என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கும் வயிறு நிறைந்தது.

மே 26, திங்கள்

ஆய்விதழிலிருந்து பதில் வந்துவிட்டது. நிராகரிக்கவில்லை. சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்தால் ஏற்கிறார்களாம். டாக்டர் அறைக்கு ஓடினேன். பதினாறு வருடத்தில் அந்த வராந்தாவில் நான் ஓடியது இதுதான் முதல் முறை. “ஜூன் ஆறுக்குள்ள முடிச்சிடலாம்மா” என்றார்.

மாலை ஐந்து மணி. இதை ஆஸ்பத்திரி மேசையிலேயே எழுதுகிறேன்.

கட்டுரையைச் சோதித்த இரண்டாம் மதிப்பீட்டாளரின் நான்காவது கேள்வி: “அளவுக்கருவியின் கைப்பிடி எந்தப் படியில் இருந்தது? இரு முறையும் எல்லோருக்கும் ஒரே படிதானா?”

கைப்பிடியை ஐந்து படிகளில் மாட்டலாம். எல்லோருக்கும் இரண்டாம் படியில் அளப்பதுதான் விதி. படி மாறினால் எண் மாறும். கட்டுரையிலும் “எல்லோருக்கும் இரண்டாம் படி” என்றுதான் எழுதியிருக்கிறேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. ஆமாம் என்று பதில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தபோதுதான் கண்ணாடிக்காரர் முகம் வந்தது. அவருக்குச் செய்ததை வேறு எத்தனை பேருக்குச் செய்திருப்பேன்?

நாற்பத்தெட்டுத் தாள்களையும் இறக்கிப் பார்த்தேன். ஓரத்தில், என் கையெழுத்தில், பொடியாக “3”. ஒரு தாளில். இன்னொன்றில். மொத்தம் ஏழு. எல்லாம் பன்னிரண்டாம் வார அளவு. ஒன்பதாம் மாதத்தில் எல்லோருக்கும் இரண்டாம் படிதான்.

ஏழு பேருக்கு ஒரு கோலால் அளந்து, பிறகு வேறு கோலால் அளந்து, வித்தியாசத்தை முன்னேற்றம் என்று எழுதியிருக்கிறேன். அடிப்பாவி. சைபரைப் பார்த்தா மனசு விட்டுடுவாங்கன்னு பண்ணினேன். அது மட்டும்தானா? அந்தப் பார்வைக்கு முன்னால நிக்க எனக்குத் தெம்பில்ல, அதுவும்தான்.

மே 27, செவ்வாய்

டாக்டரிடம் சொன்னேன். ஏழு தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“இரண்டாம் படியில அளந்திருந்தா அவங்களுக்கு சைபர்தானே வந்திருக்கும்? அப்ப முன்னேற்றம் இன்னும் ஜாஸ்தின்னுதானே அர்த்தம்? தப்பு நமக்கு எதிராத்தான் போயிருக்கு. ஆமான்னு ஒரு வரி எழுதி அனுப்பிடு.”

அது நமக்குத் தெரியாதே சார் என்றேன்.

“ஜூன் ஆறு போச்சுன்னா அடுத்த கமிட்டி நவம்பர். நடுவுல ஃபைல் மூடறவங்க எத்தனை பேர்னு எண்ணிப் பாரு. அப்புறம் வந்து பேசு.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். எண்ணிப் பார்த்தேன். இப்போது பயிற்சியில் இருப்பவர்களே பத்தொன்பது பேர். முதல் ஆள் கண்ணாடிக்காரர்.

மே 28, புதன்

புள்ளிக்காரியிடம் போனேன். எங்கள் புள்ளிவிவரமெல்லாம் பார்ப்பவள், கல்லூரியில் என்னோடு படித்தவள். அந்தப் பெயரை வைத்தவளும் நான்தான்.

“ஏழு பேரையும் எடுத்துட்டா என்ன ஆகும்?”

கணினியில் தட்டினாள். சராசரி முன்னேற்றம் ஆறு கிலோவிலிருந்து நாலுக்கு இறங்கியது. “நிக்குது. ஆனா மெலிஞ்சு போச்சு. அந்த ஏழும் ரொம்ப வீக்கான கை. ஏற வேண்டிய தூரம் அதுங்களுக்குத்தான் அதிகம்.”

எடுக்காமல் விட்டால்? கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். “விட்டா யாருக்கும் தெரியாதுடி. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். உன் பேருக்குக் கீழ என் பேரும் இருக்கு, ஞாபகம் வச்சுக்க.”

மே 29, வியாழன்

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோற்றில் உப்புப் போட மறந்தேன். மகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். உபதேசம் செய்வார் என்று நினைத்தேன். “எங்க வேலையில, லிஃப்ட் தரைக்கு அரை இன்ச் கீழ நின்னா அரை இன்ச்னு நோட்டுல எழுதணும். எழுதினா அன்னிக்கு லிஃப்ட்ட மூடிடுவாங்க. மாடி ஏறவேண்டிய வயசானவங்க எல்லாம் என்னைத்தான் திட்டுவாங்க” என்றார். எழுதாமல் விட்டதுண்டா என்று கேட்டேன். “ஒரு தடவை” என்றார்.

மே 30, வெள்ளி

எழுதி அனுப்பிவிட்டேன். ஏழு பேருக்குப் படி மாறியது, மாற்றியது நான், காரணம் இது. புதிய எண்களையும் இணைத்தேன். அனுப்புமுன் டாக்டரிடம் காட்டினேன். வாசித்தார், ஒரு காற்புள்ளியைத் திருத்தினார், திருப்பிக் கொடுத்தார்.

ஜூன் 4, புதன்

நிராகரித்துவிட்டார்கள். மரியாதையான கடிதம். எண்கள் மாறிய பிறகு இது வேறு கட்டுரையாம், புதிதாகத்தான் பார்க்க வேண்டுமாம்.

ஜூன் 6, வெள்ளி

கமிட்டி: “கட்டுரை ஏற்கப்பட்டதும் பார்க்கலாம்.” நாலு நிமிடம்.

ஜூன் 10, செவ்வாய்

கண்ணாடிக்காரரின் கடைசி நாள். வீட்டுப் பயிற்சிகளைப் படம் வரைந்து கொடுத்தேன், ஆறு பக்கம். வாங்கி இடது கையால் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“இன்னும் கொஞ்ச நாள் வந்தா நல்லா ஆகும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேண்ணே.”

“அப்புறம் ஏன் மேடம்?”

விதி என்றேன். பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் போன பிறகு கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்கிறார்களே, யார் அது? வரச் சொல்லுங்கள் இங்கே.

ஜூலை 13, ஞாயிறு

நாற்பத்தொரு பேரோடு கட்டுரையை மறுபடி எழுதுகிறேன். குறைபாடுகள் என்ற பகுதியில் ஒரு வரி: “பன்னிரண்டாம் வாரத்தில் விரல் மடங்காத கைகளுக்கு இம்முடிவு பொருந்துமா என்று எங்களுக்குத் தெரியாது.” இதை எழுத ஒரு காலைப்பொழுது ஆனது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சின்ன ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். டீ யாரும் வாங்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஏற்றுவிட்டார்கள். ஒரே ஒரு திருத்தம்: தலைப்பைச் சுருக்க வேண்டும். புள்ளிக்காரிக்குப் போன் செய்தேன். “மெலிஞ்சாலும் கரை சேர்ந்துட்டாடி” என்றாள்.

நவம்பர் 7, வெள்ளி

கமிட்டி முக்கால் மணி நேரம் உட்கார்ந்தது. இனி ஒன்பது மாதம் வரை பயிற்சி தரலாம். மேசையைத் தட்டப் போனேன். அதற்குள் தலைவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, நான் எழுதிய அந்த வரியையே உரக்க வாசித்தார். விரல் மடங்காத கைகளுக்குத் தெரியாது என்று நீங்களே சொல்கிறீர்கள், ஆகவே அவர்களுக்குப் பழைய பன்னிரண்டு வாரம்தான்.

ஃபைல் மூடிய பத்தொன்பது பேருக்கும் இன்னும் ஒன்பது மாதம் ஆகவில்லை; அவர்களில் பதினாறு பேருக்குக் கதவு திறந்தது. மூன்று பேருக்கு என் வரியாலேயே சாத்தியாயிற்று. அந்த மூவரில் அவரும் ஒருவர்.

அப்போது டாக்டர் எழுந்தார். “தெரியாதுன்னா, தெரிஞ்சுக்க அனுமதி குடுங்க. விரல் மடங்காதவங்களுக்குத் தனியா ஓர் ஆய்வு. பாதியில ஃபைல் மூடினவங்களையும் சேர்க்கணும்.” நான் அவருக்கு அப்படி எதுவும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. பையிலிருந்து மூன்று பக்கம் எடுத்து வைத்தார். அவரே தட்டச்சு செய்ததாம். எத்தனை எழுத்துப் பிழை!

அனுமதித்தார்கள். வெளியே வந்ததும், “மே மாசம் உன்கிட்ட ஒண்ணு சொன்னேன் இல்ல, அத மறந்துடு” என்றார். மறந்தாயிற்று சார் என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

கண்ணாடிக்காரருக்குப் போன் செய்தேன். மனைவி எடுத்தார். கடையில் இப்போது ஆர்டர் எழுதும் வேலையாம், இடது கையால். “கண்ணாடிப் பக்கமே போறதில்லம்மா. உங்க பேப்பர ஒரு மாசம் பார்த்துப் பார்த்துச் செஞ்சார். அப்புறம் விட்டுட்டார்.” வரச் சொல்லுங்கள் என்றேன். வருவாரா என்று அவருக்கும் தெரியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

வந்தார். மெலிந்திருந்தார். ஆய்வில் சேரக் கையொப்பம் வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருந்தேன், சொன்னேன். மே மாதம் அந்த நாலு கிலோ வந்தது நான் கைப்பிடியை மாற்றியதால்தான். உண்மையில் முள் அசையவில்லை. அதே வேலையை ஏழு பேருக்குச் செய்து, அதைத் திருத்தப் போய்த்தான் ஜூனில் உங்கள் ஃபைலை மூட வேண்டி வந்தது. அப்போது சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மன்னிச்சிடுங்கண்ணே.

வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அந்த நாலக் கேட்டு என் சம்சாரம் பாயசம் வச்சா மேடம்.”

எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

“இப்ப இது தேறுமா?”

“தெரியாதுண்ணே. உங்க மாதிரிக் கையப் பத்தி யாரும் இன்னும் சரியா அளந்து எழுதல. நானும் எழுதல.”

“அப்ப அளங்க. இந்தத் தடவை மாத்தாதீங்க.”

இரண்டாம் படியில் மாட்டிக் கொடுத்தேன். கழுத்து நரம்பு புடைக்க அழுத்தினார். முள் அசையவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அவரும் திருப்பிக்கொள்ளவில்லை. புதுத் தாளில், முதல் ஆள் என்ற கட்டத்துக்கு நேராக, சைபர் போட்டேன். தாளை இழுத்துப் பார்த்துவிட்டு, கீழே இடது கையால் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.

வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.