மலரின் பெயருக்கு எதிரே ஒன்பது புள்ளடி

என்னை “மொனிட்டர்” என்று கூப்பிட இனி ஒருவரும் இல்லாமல் செய்துவிட்டுப் போன என் பவானி மச்சாளுக்கு,

உன்னுடைய முப்பத்தோராம் நாள் கிரியை போன புதன்கிழமை முடிந்தது. கொட்டாஞ்சேனையில் பாதிப் பேர் வந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். நீ ஓட்டிய ஸ்கூல் வானில் போய்ப் படித்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அப்பம்மாக்கள். வானை இப்போது உன் மகள் துளசி ஓட்டுகிறாள். முதல் நாளே தெஹிவளையில் ஒரு தாய் பிந்தி வந்தாராம். வீட்டில் ஆள் வந்து கையைப் பிடிக்கும்வரை பிள்ளையை இறக்கமாட்டேன் என்று நாற்பது நிமிடம் நின்றாளாம். பின்னால் ஹோர்ன் அடித்தவனுக்குச் சிங்களத்தில் நல்ல பதிலும் கொடுத்தாளாம். யாருடைய பிள்ளை அவள்!

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது உனக்கும் தெரியும். ஆனால் உன்னுடைய முப்பத்தோராம் நாளில், உன் படத்துக்கு முன்னால் நின்று நான் ஒரு பொய் சொன்னேன். அதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

மலர் வந்திருந்தாள். நுகேகொடையில் சொந்தமாகத் தையற்கடை வைத்திருக்கிறாள், கழுத்தில் கண்ணாடி தொங்குகிறது. ஒரு தட்டில் வடையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நீங்கதானே அந்த ரியூஷன் மொனிட்டர்? ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்தக் கதவ யாருங்க பூட்டினது? பவானியக்காகிட்ட எத்தனையோ தடவ கேட்டுட்டேன். கடைசி வரைக்கும் சொல்லல.”

“எனக்கு ஞாபகம் இல்லை” என்றேன்.

எப்படி மறக்கும், பவானி? எனக்கும் உனக்கும் பன்னிரண்டு வயது. வெள்ளவத்தையில் கடலை நோக்கிப் போகிற ஒழுங்கையின் முடிவில், மேல்மாடியில் கணக்குப் படிப்பித்த சேரின் சனிக்கிழமை வகுப்பு. பதினான்கு பிள்ளைகள். வீதியில் இராணுவம் நின்றது; பன்னிரண்டு மணியிலிருந்து ஊரடங்கு என்று திடீரென்று ரேடியோவில் சொன்னார்கள். சேர் வான் பிடித்துவரப் போனார். கீழ்வீட்டுக்காரர் ஊரில் இல்லை. சேர் போகும்போது வாசல் படலையைப் பூட்டினார். “ஒருத்தரும் பல்கனிப் பக்கம் தலை காட்டக்கூடாது, ஒழுங்கை முனையில ஆமி நிக்குது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வதையே சொன்னார்: “கதைக்கிற ஆக்களின்ர பேரைப் போர்டில எழுதி வை.”

ஊரடங்குக்குள் அகப்பட்டு அவர் திரும்பி வந்தது அடுத்த நாள் பின்னேரம் மூன்று மணிக்கு.

பெரியவர்கள் இல்லாவிட்டால் பிள்ளைகள் மிருகமாகிவிடுவார்கள் என்று, நான் படிப்பிக்கும் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கட்டுரை எழுதித் தருகிறார்கள். நான் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுகிறேன். நாங்கள் அப்படியா ஆனோம்? மிருகங்கள் பட்டியல் எழுதுவதில்லை. நாங்கள் மிகவும் ஒழுங்காக இருந்தோம். அதுதான் பயங்கரம்.

முதலில் பகிடியாகத்தான் தொடங்கியது. பெயர் எழுதப்பட்டால் மூலையில் நிற்க வேண்டும். உன் பெயரை நான் முதலாவதாக எழுதினேன். “எழுது எழுது. என்ர பேர் போர்டில இல்லாட்டி நான் இண்டைக்கு வரேல்ல எண்டு சேர் நினைச்சிடுவார்” என்றாய். எல்லோரும் சிரித்தோம். பொழுதுபடக் குழாயில் தண்ணீர் நின்றது. அரை வாளித் தண்ணீரும், சேரின் அலுமாரியில் ஒரு தகர ரின்னில் பிஸ்கட்டும்தான் மிச்சம். பதின்மூன்று வயதுக் கிருபா சொன்னான்: “பேர் இருக்கிற ஆளுக்கு பிஸ்கட் இல்லை. மொனிட்டர், என்ன சொல்லுறாய்?” என்னிடம் அனுமதி கேட்டான், பவானி. அதுவரை என்னிடம் ஒரு பெடியனும் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. ஓம் என்று தலையாட்டினேன்.

விடிந்தபோது தண்ணீருக்கும் அதே சட்டம்.

மலருக்கு எட்டு வயது. தகப்பன் ஹற்றன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து சாப்பாட்டுக்கடையில் வேலை செய்தவர். அவள் அழுதாள். அழுவதும் கதைப்பதுதான் என்று தீர்மானித்தோம். ஒவ்வோர் அழுகைக்கும் அவள் பெயருக்கு எதிரே ஒரு புள்ளடி, பெருக்கல் குறிபோல. “தண்ணி கொஞ்சம் குடுங்கக்கா” என்று அவள் கேட்டால், ஒருவன் அவளைப்போலவே இழுத்து, “குடுங்கக்கா, குடுங்கக்கா” என்பான். “தோட்டக்காட்டு ஆக்களுக்குத் தண்ணி தேவையில்லையாம், மழையில நனைஞ்சே வளருவினமாம்” என்றாள் இன்னொருத்தி. அந்தச் சொற்களை நாங்கள் அந்த அறையில் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் வீடுகளின் சாப்பாட்டு மேசைகளிலிருந்து கொண்டுவந்திருந்தோம்.

ஒன்பதாவது புள்ளடி போட்டபோது நேரம் பதினொரு மணி இருக்கும். “இவள் கத்துறது ஆமிக்குக் கேக்கும். வெளியில விடுவம், வாய் மூடுவாள்” என்றான் கிருபா. யோசித்துப் பார், சத்தம் ஆமிக்குக் கேட்கும் என்று பயந்துதான் அவளை ஆமிக்குத் தெரிகிற இடத்தில் விட்டோம். அவன் அவளைப் பல்கனிக்குத் தள்ளினான். கதவு பூட்டப்பட்டது.

இல்லை. கதவை நான் பூட்டினேன்.

நீ மூலையிலிருந்து வந்தாய். உன் பெயருக்கு எதிரே ஆறோ ஏழோ புள்ளடி. முதல் நாளிலிருந்து உனக்கும் பிஸ்கட் இல்லை. வாளிக்குள் உன் போத்தலை அமிழ்த்தினாய். “பேர் இருக்கிற ஆளுக்குத் தண்ணி இல்லையடி!” என்று கிருபா கத்தினான். “இன்னொரு புள்ளடி போடச் சொல்லு, இடம் இருந்தா” என்றாய். தாழ்ப்பாளை நீயே நீக்கினாய். ஆமிக்குத் தெரியாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து வெளியே போனாய். அரைச்சுவருக்குக் கீழே மலரைப் படுக்க வைத்து, வெயிலுக்கு உன் அட்லஸை விரித்து அவள் முகத்துக்கு மேலே பிடித்தாய். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாய்.

“இனிப் பூட்டு, மச்சாள்.”

நான் பூட்டினேன். பயத்தில் என்று பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமும்தான். ஆனால் பதினொரு பேர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

நீ வெளியே என்னதான் கதைத்தாய்? இதுவரை நான் கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் மலர் சிரிக்கும் சத்தம் கேட்டது. உள்ளே தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்திருந்த நாங்கள் ஒருவருடைய முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். சின்னவன் ஒருவன் கதவடியில் போய்க் குந்தினான். பிறகு இன்னொருத்தி. தன் பிஸ்கட்டை இரண்டாக உடைத்து அந்தச் சின்னவன் கதவுக்குக் கீழே தள்ளியதை நான் கண்டேன். அவன் பெயரைப் போர்டில் எழுதவில்லை. அவ்வளவுதான் நான் செய்த நன்மை.

சேர் வந்து கதவைத் திறந்தார். வெளியே நீங்கள் இரண்டு பேரும் வெயிலில் கறுத்துப்போய்க் கிடந்தீர்கள். “ஆர் உங்களை வெளியில விட்டது?” உன் கண் ஒரு கணம் என்னில் பட்டது. “நாங்களாத்தான் போனனாங்கள் சேர், காத்து வாங்க.” இரண்டு உள்ளங்கையிலும் அடி வாங்கினாய். சேர் கரும்பலகையைப் பார்த்தார். வரிசை வரிசையாகப் பெயர்கள், நேர்த்தியான புள்ளடிகள். பிள்ளைகள் எல்லோரையும் கட்டுப்பாட்டில் வைத்திருந்ததற்காக எனக்கு ஒரு பேனை தந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் நீ கேட்டது ஒன்றுதான்: “பேனை எழுதுதோ?”

அதன்பிறகு அந்த நாளைப் பற்றி நீ வாய் திறக்கவில்லை. கூப்பிட்டது மட்டும் “மொனிட்டர்” என்று. நான் கலாநிதிப் பட்டம் வாங்கிய அன்றும் தொலைபேசியில், “என்ன மொனிட்டர், இனிப் பெரிய போர்டோ?” அதில் கோபம் இருந்ததா என்று நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாளும் அகப்படவில்லை.

ஒருமுறை என் கார் பழுதாகி உன் வானில் வந்தேனே, அன்று ஒரு பெரிய பிள்ளை எழும்பி, “அன்ரி, நான் மொனிட்டரா இருந்து சத்தம் போடுறவையின்ர பேரை எழுதட்டோ?” என்றாள். நீ கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை. வீதியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: “என்ர வானில மொனிட்டர் இல்லையம்மா. சத்தம் போடட்டும். சத்தம் கேட்டாத்தான் எல்லாரும் இருக்கினம் எண்டு எனக்குத் தெரியும்.”

என்னிடம் இருக்கும் புத்தகங்கள் எல்லாவற்றையும் விட, அந்த இரண்டு வரியில் நான் படித்தது அதிகம். நல்லவர்களைப் பற்றிய கதைகளை நான் இலகுவில் நம்புவதில்லை. உன்னை நம்புகிறேன், ஏனென்றால் நான் கதவின் மற்றப் பக்கத்தில் இருந்தவள்.

ஏன் மலருக்குச் சொல்லவில்லை? என்னைக் காப்பாற்றவா? அல்லது நானே சொல்வேன் என்று இத்தனை வருடம் காத்திருந்தாயா, பிந்தி வருகிற தாய்க்காக வானை நிறுத்திவைப்பதைப்போல?

நேற்று மலருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு விஷயம் நேரில் கதைக்க வேண்டும் என்றேன். “ஞாயித்துக்கிழமை கட லீவு, வாங்களேன்” என்றாள். கிருபாவின் பெயரை எடுக்கமாட்டேன். ஆமி, ஊரடங்கு, பன்னிரண்டு வயது என்று எதையும் முன்னால் போடமாட்டேன். இரண்டு தடவையும் பூட்டியது நான் என்று சொல்வேன். இந்தக் கடிதத்தை ஒரு பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன்; அது அச்சில் வருவதற்கு முன், என் வாயால் அவள் கேட்பாள். அவள் கதவைச் சாத்தினால் வெளியே நிற்பேன், பவானி. எவ்வளவு வெயில் என்றாலும் தட்டமாட்டேன்.

உன் மாமியின் மகள்,
உன் மச்சாள் சாரதா