வெண்காரம் போன வழி

சகலை,

இன்று மகளின் மூக்குத்தியைப் பற்றவைக்க ஆசாரி பட்டறைக்குப் போயிருந்தேன். ஒரு சிட்டிகை வெண்காரத்தை நெருப்பில் காட்டினார். அது நெல்பொரிபோல் வெள்ளையாகப் பொங்கியது. உடனே உங்கள் ஞாபகம். எத்தனை முறை விளக்கினீர்கள்! எட்டாவதுவரை படித்த எனக்கே இன்னும் பிடிபடவில்லை என்றால், விஷயம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்!

ராஜாவின் சமஸ்தானம் ஒழிந்து சில வருடம் ஆகியிருந்தது. ஆலங்குடிக் கொல்லையில் என் தென்னைகள் குருத்து விரியாமல் மடக்கிய குடைபோல நின்றன. தஞ்சாவூர் வரையில் பேர்பெற்ற தென்னைகள். கண்பட்டுவிட்டது என்று முடிவுகட்டி, வெட்ட ஆளை வரச் சொல்லிவிட்டேன். இலங்கைத் தென்னந்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து அப்போதுதான் திரும்பிய நீங்கள் குறுக்கே வந்து நின்றீர்கள்.

“கோடாலிய அங்கிட்டு வைக்கச் சொல்லுங்க. மண்ணுல போரான்னு ஒரு சத்து பத்தல. அது வெண்காரத்துல இருக்கு. ஒரு மழைக்காலம் பொறுங்க.”

மரத்துக்கு ஒரு பிடி வெண்காரத்தை மணலில் கலந்து தூவிவிட்டுப் போனீர்கள். மருந்து இறங்க வேண்டாமா? நான் கமலையைப் பூட்டினேன். என் மாடுகள் இறைத்த வேகத்தில் கிணற்றின் அடியில், பாட்டனார் காலத்தில் விழுந்த செம்பு தெரிந்தது. மறுநாள் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தீர்கள்.

“போட்டதயெல்லாம் கழுவி விட்டுட்டீங்களே சகலை!”

“எங்கிட்டுப் போயிருக்கும்?”

“மண்ணுக்குக் கீழ போகும். ஓடைக்குப் போகும். கடைசியில கடலுக்கு.”

“என் சரக்கு கடலுக்கா? திரும்பி வருமா, வராதா?”

“அலை தெறிக்கிறப்பக் காத்துல ஏறி, மழையோட வரும்.”

“என் கொல்லையிலயா பெய்யும்?”

“அதுக்கு அட்ரஸ் எழுதியா அனுப்ப முடியும்?”

அன்று முதல் குழப்பம்தான். பழுத்து விழுந்த மட்டைகளைச் செங்கல் சூளைக்கு அனுப்பப் போனேன். வண்டியை மறித்து, அதற்குள்ளும் போரான் இருக்கிறது என்றீர்கள். இருந்தால் குருத்துக்குக் கொடுக்க வேண்டியதுதானே என்று மடக்கினேன். உங்களை மடக்க இந்தத் தாலுகாவில் என்னை விட்டால் யார்?

“முத்தின ஓலை தன்கிட்ட உள்ளதக் குருத்துக்குக் குடுக்காது. விழுந்து மக்கி, வேர் வழியாத்தான் மேல போகணும்” என்றீர்கள்.

மரத்துக்குள்ளேயே இருப்பது பக்கத்து ஓலைக்குப் போகாதாம். கடலில் கிடப்பது ஆகாயம் ஏறி ஆலங்குடிக்கு வருமாம். இதை யாரிடம் சொன்னாலும் என்னை ஒருமாதிரிப் பார்க்கிறார்கள்.

மறுபடி ஒரு பிடி தூவினீர்கள். மட்டைகளைப் பாத்தியிலேயே புதைத்தோம். ஐப்பசியில் அடைமழை பிடித்தது. அந்த மழையிலேயே காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தீர்கள். மாசியில் குருத்து விரிந்தது. மயில்தோகை கெட்டது, அப்படி ஒரு விரிப்பு! கோடாலிக்காரன் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுக் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

ஊரில் கேட்டால் என் கைராசி என்றுதான் சொல்வேன். அதை விட்டுக்கொடுக்க முடியாது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: விரித்தது நீங்கள் போட்ட பிடியா, மக்கிய மட்டையா, கடல் கொடுத்துவிட்ட மழையா? தெரியவில்லை. கேட்டுக்கொள்ள நீங்களும் இல்லை. யாரைக் கும்பிடுவது என்று புரியாமல், மரத்தடியில் நின்று எல்லாப் பக்கமும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டு வைக்கிறேன். அதில் உங்கள் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.