வாசலில் நின்று வாங்க என்று கேட்டவருக்கு

என் பாசத்துக்குரிய மூத்த சகலை பவுன்ராஜ் அண்ணனுக்கு,

சௌக்கியமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்டால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் போன இடத்திலும் நாலு பேரைச் சேர்த்து உட்காரவைத்து, யார் எந்த ஊர், யாருக்கு யார் என்ன முறை என்று இந்நேரம் விசாரித்து முடித்திருப்பீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதை எழுதச் சொன்னது மதினி. உங்கள் நினைவு நாளுக்கு வருகிறவர்கள் முன்னால் யாராவது எதையாவது படிக்க வேண்டுமாம். "அவரு எப்படிப்பட்டவருன்னு ஊருக்கே தெரியும் தம்பி. மக கௌசி கல்யாணம் எப்படி நடந்துச்சுன்னு அவருக்குத்தான் தெரியாது. அத எழுதுங்க" என்றார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு தடவை எழுதியவன் என்பதால் எனக்கு எழுதிப் பழக்கம் அதிகம் என்று நினைத்துவிட்டார்கள் போல.

ஒரே வீட்டில் அக்காவை நீங்களும் தங்கச்சி சாந்தியை நானும் கட்டினோம். அன்றிலிருந்து என் பாடு திண்டாட்டம்தான். நீங்கள் ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர், வாய் ஓயாத பேச்சு. நான் உத்தமபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். நாள் முழுக்க மோட்டாரோடு கிடந்து, யாராவது சுவிட்ச் போட்டால்தான் எனக்கும் சத்தம் வரும். நம் மாமியார் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மூத்தவரு வந்தா வீடு நெறஞ்சுபோகுது. எளையவரு வந்தா கெணத்து மோட்டாரு நல்லா ஓடுது."

கோழிக்குழம்பில் ஈரல் உங்கள் இலைக்கும் கழுத்து என் இலைக்கும் வந்ததற்கு வேறு காரணம் உண்டா? அந்த ஈரலையும் அத்தை அடுப்படிக்குத் திரும்பிய நேரம் பார்த்து என் இலைக்குத் தள்ளிவிடுவீர்கள். உங்கள் மேல் நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட எனக்கு வசதி வாய்க்கவில்லை.

தேனிக்குப் போகிற பஸ்ஸில் திராட்சைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறுவீர்களே, அது ஒரு நாளாவது முழுசாகத் தேனி போய்ச் சேர்ந்திருக்கிறதா? சின்னமனூரில் பாதி, வீரபாண்டியில் மீதி. இறங்கும்போது கண்டக்டர் கையில் கடைசிக் கொத்து. மதினி தலையில் அடித்துக்கொள்வார்கள். "ஒலகம் வித்தது போக மிச்சத்தக் குடுக்குது. இந்த மனுசன் குடுத்தது போக மிச்சத்த விக்கிறாரு." திட்டுகிற வாய்தான், ஆனால் மறுநாள் கூடைக்கு அடியில் இலை விரித்து நல்ல பழமாகப் பொறுக்கி அடுக்கித் தருகிறதும் அந்தக் கைதான்.

சுருளி அருவிக்கு வேன் பிடித்துப் போவோமே. போகும்போது இரண்டு குடும்பம், திரும்பும்போது மூன்று. அந்த மூன்றாவது குடும்பம் யாரென்று அவர்களைக் கம்பத்தில் இறக்கிவிடுகிறவரைக்கும் எனக்குத் தெரியாது. பாட்டுக்குப் பாட்டு வைத்து, தோற்கிற ஆள் பாத்திரம் கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டதும் நீங்கள்தான். வருசா வருசம் தோற்றதும் நீங்கள்தான். ஊரில் இருக்கிற பாட்டெல்லாம் தெரிந்த மனுசன் சரியாகச் சாப்பாடு முடிகிற நேரத்தில் எப்படித் தோற்கிறார் என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. ஒரு தடவை கரி பிடித்த சட்டியோடு நிமிர்ந்து பார்த்தீர்கள். மதினி தண்ணீரில் கால் நீட்டி, தங்கச்சி தோளில் சாய்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். "இதுக்குத்தான்டா" என்றீர்கள். அதற்கப்புறம் நானும் தோற்க ஆரம்பித்தேன். எனக்குப் பாட்டே தெரியாததால் அதில் கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் உங்களை நினைத்ததும் எனக்கு முதலில் வருவது தொண்ணூற்றாறில் நடந்த என் கல்யாணம்தான். அனுமந்தன்பட்டியிலிருந்து வந்த என் தாய்மாமனைப் பெண் வீட்டார் யாரும் "வாங்க" என்று கேட்கவில்லை. நம் பக்கம் அதைவிடப் பெரிய குற்றம் உண்டா? சோறு போடாவிட்டால்கூட மன்னிப்பார்கள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டார். பெரியவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் வெளியே போனீர்கள்.

கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே இரண்டு கையிலும் ஒவ்வொரு செருப்பைத் தூக்கிப் பிடித்தபடி வந்தீர்கள். பின்னாலேயே மாமா, கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு குதித்துக் குதித்து, "ஏலே, குடுறா" என்று கத்திக்கொண்டு. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க கோவிச்சுட்டுப் போங்க மாமா, யாரு வேணாங்கிறா? செருப்பு மட்டும் கல்யாணம் பாத்துட்டு வரட்டும்."

வாசல் நிழலுக்கு வந்ததும் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவரை நேரே பந்தியில் உட்காரவைத்தீர்கள். அன்றிலிருந்து நம் வகையறாவில் எந்த விசேசம் என்றாலும் வாசலில் நிற்க ஒரே ஆள்தான். சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, பவுன்ராஜ்.

அந்த வாசலில்தான் அண்ணே, கௌசி கல்யாணத்தன்றைக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சித்தப்பா என்கிற முறையில் நானும் சாந்தியும் தாய் தகப்பன் ஸ்தானத்தில் நிற்பது என்றும், தாலியை எடுத்துக் கொடுப்பது பொட்டிப்புரத்திலிருந்து வருகிற உங்கள் அண்ணன் சென்றாயப் பெரியவர் என்றும் பேசி முடிவு செய்திருந்தோம். கௌசி கேட்டது அது ஒன்றைத்தான். "அப்பா கை இல்லாட்டி, அப்பா கூடப் பெறந்த கை."

நன்றாகத்தான் நின்றேன். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை. வருகிற எல்லாரையும் வாங்க என்றேன். பால் கொண்டுவந்தவரையும் வாங்க என்றேன். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது கரண்ட் போனது. வாசலுக்குப் பக்கத்தில் வாடகைக்கு வைத்திருந்த ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. மைக் நின்றது, ஃபேன் நின்றது. வேறு யாராக இருந்தாலும் ஆள் அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றிருப்பார்கள். நான் மோட்டார்க்காரன் ஆயிற்றே! குனிந்துவிட்டேன்.

நான் குனிந்திருந்த நேரத்தில்தான் பெரியவர் வந்திருக்கிறார். நின்றிருக்கிறார். செருமியிருக்கிறார். சரியாக அப்போதுதான் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டு தடதடவென்று கத்தியது. வாங்க என்று கேட்க ஆளில்லை. என் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

கை முழுக்க டீசலோடு ஏதோ சாதித்தவன் மாதிரி நிமிர்ந்தேன். எதிரே சாந்தி. "ஏங்க, பொட்டிப்புரத்துப் பெரியவர வாங்கன்னு கேட்டீகளா? சந்தனம்கூட எடுக்காமப் போறாகளாம்!"

உள்ளே மணப்பெண் அறையிலிருந்து உங்கள் மகளின் குரல் வந்தது. சத்தம் போடவில்லை. "சித்தப்பா, பெரியப்பா வரட்டும். அப்பறம் நான் மேடைக்கு வாரேன்" என்று மட்டும் சொன்னாள். மதினி என்னைப் பார்த்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் என்று யாரும் சொல்லவில்லை அண்ணே. எல்லார் முகத்திலும் அதுதான் எழுதியிருந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பஸ் ஸ்டாப் டீக்கடைப் பெஞ்சில் பெரியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் மூன்று பேர்.

"அண்ணே, வாங்கண்ணே."

"யாரு? ஆளு அடையாளம் தெரியலையே."

"நான்தாண்ணே, ராசாங்கம்."

"மொகத்தக் காட்டுனாத்தான தெரியும். நான் பாத்தது முதுகு."

"மைக் நின்னுபோச்சுண்ணே, அதான்…"

"மைக்க வாங்கன்னு கேட்டீகள்ல? சந்தோசம். போயி அதுகிட்டயே தாலிய எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

என்னைவிட எவ்வளவோ மூத்தவர், என்னை 'ங்க' போட்டுப் பேசுகிறார் என்றால் கோபம் எந்த அளவில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் போடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. பெரியவர் டம்ளரை வைத்தார். எனக்கு வாய் வரவில்லை. என்றைக்கு வந்திருக்கிறது? குனிந்தேன். பெஞ்சுக்கு அடியில் செருப்புகள் கிடந்தன. முன்னால் இருந்த ஜோடியைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன்.

பின்னாலிருந்து ஒரு கத்தல். "எடோ! நில்லெடோ! அது என்றெ செருப்பாணு!"

கோபத்தில் பெரியவருக்கு மலையாளம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நம் பக்கம் பாதிப் பேருக்கு வரும்தானே? ஓட்டத்தை நிறுத்தவில்லை. உங்களை மாதிரியே இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டேன். மணமகள் சித்தப்பா செருப்போடு ஓடி வருவதையும் பின்னால் ஆட்கள் துரத்தி வருவதையும் பார்த்த மேளக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, கெட்டிமேளத்தை ஆரம்பித்துவிட்டார்கள். வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தால், முன்பின் தெரியாத ஒரு மனிதர் வெறுங்காலோடு மூச்சு வாங்க நிற்கிறார். அவருக்குப் பின்னால், தன் செருப்பைத் தானே போட்டுக்கொண்டு, விலாவைப் பிடித்துச் சிரித்தபடி வருகிறார் உங்கள் அண்ணன்.

"ஏலே ராசாங்கம்! செருப்பத் தூக்குறதுலயும் ஆள மாத்திட்டியேடா!"

ஏலே என்றாரே, அந்த ஒரு சொல்லுக்கு நான் டவுனில் இருக்கிற செருப்பையெல்லாம் தூக்கியிருப்பேன்.

வந்தவர் குமுளியில் வாழைக்காய் வியாபாரம் பார்க்கிற தங்கச்சன். திருடனைப் பிடிக்க வந்தவர் மேளத்தையும் கும்பலையும் பார்த்துக் குழம்பி, "கல்யாணம் ஆருடெயா?" என்று கேட்டார். நான் செருப்பும் கையுமாக முழித்தேன். பெரியவர்தான் இரண்டு கையையும் கூப்பினார். "என் தம்பி மக கல்யாணம். வாங்க, உள்ள வாங்க. சாப்பிட்டுத்தான் போகணும்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அந்தக் குரல் எனக்கு உங்கள் குரல் மாதிரிதான் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அவனா இருந்தா சரியா என் செருப்பத்தாண்டா எடுத்திருப்பான்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு என் கையைப் பார்த்து, "போயி டீசலக் கழுவு. வாசல நான் பாத்துக்கிறேன்" என்றார். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். முகூர்த்தம் வரைக்கும் அங்கிருந்து அசையவில்லை. வந்த ஒருவரையும் விடவில்லை.

தாலியை அவர் கைதான் எடுத்துக் கொடுத்தது. கௌசி அந்தக் கையை ஒரு நிமிசம் பிடித்துக்கொண்டுதான் விட்டாள். தங்கச்சன் பாயசத்தை மூன்று தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். குடும்பப் போட்டோவிலும் நிற்கிறார், அத்தைக்குப் பக்கத்தில். "மூத்தவரு இல்லாமயே புது ஆளு ஒண்ணு வந்திருச்சே" என்று அத்தை என்னைப் பார்த்தார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இன்னும் சில சேதிகள். கௌசி முழுகாமல் இருக்கிறாள். ஏழாம் மாதம் வளைகாப்பு, உங்கள் வீட்டில்தான். ஏலக்காய் தங்கச்சன் பொறுப்பாம். பொட்டிப்புரம் மலையைக் குடைந்து, கண்ணுக்கே தெரியாத எதையோ பிடித்து ஆராய்ச்சி செய்யப்போகிறார்களாம். பெரியவரிடம் கேட்டால், "கண்ணுக்குத் தெரியாதது வந்தாலும் வாங்கன்னு கேக்க ஊருல ஆளு வேணும்ல" என்கிறார். உங்கள் தோட்டத்தில் இந்தத் தடவை நல்ல காய்ப்பு. பழக் கூடையோடு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு கொத்தை நீட்டினேன். மயக்க மருந்து கலந்திருக்குமோ என்கிற மாதிரி பார்த்தார். அது எப்படி அண்ணே, உங்கள் கையிலிருந்து மட்டும் எல்லாரும் வாங்கினார்கள்?

கடைசியாக ஒன்று. எங்களை விட்டுப் போன அன்றைக்குக் காலையில் நெஞ்சு வலி என்று உங்களை ஆம்புலன்ஸில் ஏற்றியபோதும், டிரைவர் எந்த ஊர் என்று விசாரித்து, மாப்பிள்ளை முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டுதான் போனீர்கள். வெறுங்காலோடு போனீர்கள். செருப்பு வாசலிலேயே கிடந்தது. கல்யாணம் முடிந்த பிறகு மதினியிடம் கேட்டேன். துடைத்துக் கொடுத்தார்கள். இப்போது என் வீட்டு வாசலில், என் செருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வளைகாப்பு அன்றைக்கு வாசலில் நான்தான் நிற்பேன். கரண்ட் போனாலும், ஜெனரேட்டர் தீப்பிடித்தாலும் முதுகைக் காட்டமாட்டேன். இது சத்தியம். முதல் வாங்க உங்களுக்குத்தான். திட்டிக்கொண்டாவது பின்னால் வந்துதானே ஆகவேண்டும் அண்ணே? இந்தத் தடவை ஆள் மாறவில்லை. சரியான செருப்பைத்தான் தூக்கி வைத்திருக்கிறேன்.

என்றும் உங்கள் இளைய சகலை,
கௌசிக்குச் சித்தப்பா,
ராசாங்கம்