சிரித்தே நழுவுகிறவர்கள்

ஜூன் 4

அன்புள்ள உங்களுக்கு,

போனில் சொன்னால் சிரித்தே ஆளை மயக்கிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

நம் வாலு நேற்றுப் பள்ளியில் ஒரு பையனின் ஷூ இரண்டையும் தண்ணீர் டிரம்மில் போட்டுவிட்டாள். அதட்ட வந்த மிஸ்ஸின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "மிஸ், நீங்க இன்னைக்கு அழகா இருக்கீங்க" என்றாளாம். மிஸ் உருகிவிட்டார். கூட்டிவரப் போன உங்கள் அப்பாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறார். மாமா வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

"அம்மாடி, பாப்பா யாரையோ மர்டர் பண்ணிட்டாளாம்!"

மிஸ் சொன்னது 'கெட்டிங் அவே வித் மர்டர்.' கொலையே செய்தாலும் தண்டனை இல்லாமல் நழுவிவிடுவாள் என்று அர்த்தம், மாமா, என்றேன்.

"இவ்ளோதானா? அது அவ அப்பன் ஜாடைம்மா" என்று காபி கேட்டார்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நான் ஒருத்தியே அதட்டி அதட்டி அவளுக்குப் பூச்சாண்டி ஆகிவிட்டேன். நீங்களும் கண்டித்து நாலு வரி எழுதுங்கள். பதினைந்தாம் தேதி விடுப்பில் வருகிறீர்கள்தானே? இந்த முறையாவது நீங்கள் கட்டுகிற அந்தப் பாலம் உங்களை விடுமா?

பூச்சாண்டி

ஜூன் 11

என் பூச்சாண்டிக்கு,

வாலுவுக்குப் படித்துக் காட்டு: "ஷூவைத் தண்ணியில போடுறது தப்பு. ரொம்பத் தப்பு. அப்பாவுக்குக் கோபம். ஆமா, மிதந்துச்சா, முங்குச்சா?"

இன்னும் ஒரே ஒரு தூண். கான்கிரீட் போட்டுவிட்டுக் கிளம்பு என்கிறார் இன்ஜினியர். அடுத்த மாதம் நிச்சயம். கோபத்தில் உன் மூக்கு சிவப்பதைப் பார்க்கத்தான் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

உன் பாலத்துக்காரன்

ஜூன் 17

அன்புள்ள பாலத்துக்காரருக்கு,

மூக்கு வரியில் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் உறைத்தது. போன தூணுக்கும் இப்படித்தான் சிரித்தேன். அதற்கு முந்தைய தூணுக்கும்.

வாலு கேட்டாள்: "அப்பா எப்ப வருவாரு?"

"அடுத்த மாசம்."

"போன தடவையும் அதானே சொன்னாரு?"

"ஆமா."

"அப்ப அப்பா தப்பு பண்ணிட்டாரு."

எழுந்து போய்க் கட்டிலுக்கடியிலிருந்து உங்கள் செருப்பை இழுத்து வந்தாள். நான் அவளை நிறுத்திவைக்கும் அதே மூலையில், சுவரைப் பார்க்க வைத்தாள்.

"பாவம்டா கண்ணு அவன்" என்று மாமா எடுக்கப் போனார்.

"தாத்தா, நீங்க செல்லம் குடுத்துதான் கெட்டுப்போறாரு!"

அச்சு அசல் என் குரல். மாமா காபி டம்ளரோடு உள்ளே போய்விட்டார்.

பெருக்கும்போதுகூட நான் அதை நகர்த்துவதில்லை. இனி எத்தனை அழகாக எழுதினாலும் பயனில்லை. செருப்புக்குப் படிக்கத் தெரியாது.

மூக்கு சிவந்தவள்